அத்தியாயம் 7: பிள்ளைக்கு முன் நீங்கள் விளையாடிப் பாருங்கள்

வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளையும் இருக்கிறது. "எனக்கும் கேம் போட்டுக் கொடு" என்ற நச்சரிப்பு தொடங்கிவிட்டது. இந்த அத்தியாயம் அந்த வீட்டுக்கானது. கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை. அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். கீழே வரும் விளையாட்டுகளில் பலவற்றுக்கு அதுவே போதும்.

விளையாட்டு தேடும் பெற்றோர் முதலில் கேட்பது, "இதில் என்ன கற்றுக்கொள்வான்?" என்பதைத்தான். அதை மூன்றாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: இதைச் செய்தவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இரண்டாவது: இந்த விளையாட்டு எங்கே முடிகிறது? பரமபதத்தில் மேல் கட்டத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது, காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிடலாம். இன்று இலவசமாக இறங்கும் விளையாட்டுகள் பலவற்றில் அந்த மேல் கட்டமே கிடையாது. பிள்ளை விளையாடிக்கொண்டே இருந்தால்தான் விளம்பரம் ஓடும், விளம்பரம் ஓடினால்தான் காசு வரும். ஆகவே முதல் கேள்விக்கான பதிலே பெரும்பாலும் இரண்டாவதையும் தீர்மானித்துவிடுகிறது.

தொடங்குமுன் நேரக் கணக்கு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை இது: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் கூட இருக்க, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், ஐந்து முதல் பத்து வயது வரை 2 மணி நேரத்துக்குள். இந்தக் கணக்கில் டிவியும் செல்போனும் சேரும். மாலையில் முக்கால் மணி நேரம் கார்ட்டூன் பார்த்த நாலு வயதுப் பிள்ளைக்குக் கணினியில் மிச்சம் கால் மணி நேரம்தான்.

முதலில் கணினியைத் தயார் செய்யுங்கள்

இதை முடிக்காமல் எந்த விளையாட்டையும் இறக்காதீர்கள். வரிசையும் முக்கியம்.

1. பிள்ளைக்கெனத் தனிக் கணக்கு தொடங்குங்கள். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் அக்கவுண்ட்ஸ் பகுதியில் புதிய பயனரைச் சேர்க்கலாம். அந்தக் கணக்கு "ஸ்டாண்டர்டு" வகையாக இருக்க வேண்டும், "அட்மினிஸ்ட்ரேட்டர்" ஆக இருக்கக் கூடாது. அப்போதுதான் கணினி முழுவதையும் பாதிக்கும் மென்பொருளைச் சேர்க்க உங்கள் பாஸ்வேர்டு தேவைப்படும்.

2. உங்கள் கணக்குக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். இது இல்லாவிட்டால் முதல் படியால் பயனில்லை.

3. பிரவுசரில் சேமித்து வைத்த கார்டு விவரங்களை அழியுங்கள். போனோ டேப்லெட்டோ கொடுப்பதாக இருந்தால், பிளே ஸ்டோரில் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமையுங்கள். ஒருமுறை கேட்டபின் கொஞ்ச நேரம் கேட்காமல் விடும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். ஆப்பிள் நிறுவனத்தின் கடையில் அப்படித்தான் இருந்தது. பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால், அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காமலே பிள்ளைகள் வாங்கிக் குவிக்க முடிந்தது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் தலையிட்டு, 2014இல் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித் தர வைத்தது.

4. ஒரு சாதாரண வயர் மவுஸ் வாங்குங்கள், இருப்பதிலேயே சின்னதாக. டச்பேடில் விரலால் இழுத்து அழுத்துவது ஐந்து வயதுக்குக் கீழே கஷ்டம். அம்பு சொன்ன இடத்துக்கு வரவில்லை என்றால் பிள்ளை விளையாட்டைத்தான் வெறுக்கும்.

5. கணினியைக் கூடத்தில் வையுங்கள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் திரை தெரிய வேண்டும். படுக்கையறை வேண்டாம்.

6. ஹெட்போன் கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று உங்கள் காதுக்கும் தெரியும். தாத்தா தூங்கும் நேரமானால் சத்தத்தை அணைத்து விளையாடட்டும். சத்தமில்லாமல் விளையாடவே முடியாத விளையாட்டு சின்னப் பிள்ளைக்கு அபூர்வம்.

வயதுக் குறி எதைச் சொல்லும்

விளையாட்டின் பெட்டியிலோ பதிவிறக்கும் பக்கத்திலோ ஒரு வயதுக் குறி இருக்கும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஈ.எஸ்.ஆர்.பி. அமைப்பு எழுத்தில் குறிக்கிறது: "ஈ" எல்லோருக்கும், "ஈ10+" பத்து வயதுக்கு மேல், "டி" பதின்பருவத்துக்கு, "எம்" பதினேழுக்கு மேல். ஐரோப்பாவின் பெகி 2003இலிருந்து எண்ணில் குறிக்கிறது: 3, 7, 12, 16, 18. பிளே ஸ்டோரில் நாம் பார்ப்பதும் 3+, 7+ போன்ற எண்கள்தான்.

இந்தக் குறி சொல்வது ஒன்றே ஒன்று: அந்த வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாத காட்சி, கேட்கக் கூடாத பேச்சு இருக்கிறதா இல்லையா என்பது. அந்த வயதில் விளையாட முடியுமா என்பதை அது சொல்லாது. சதுரங்க மென்பொருளுக்குக்கூட 3+ கிடைக்கும். மூன்று வயதுப் பிள்ளை குதிரையை எடுத்து வாயில் வைக்கப் பார்க்கும், அவ்வளவுதான். 3+ என்ற குறி இருக்கிற விளையாட்டுக்குள் விளம்பரம் நெருக்கியடித்துக்கொண்டும் இருக்கலாம். அதனால் எண்ணைப் பார்த்த கையோடு அதன் அருகில் உள்ள சிறிய எழுத்துகளையும் படியுங்கள். பிளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழே "விளம்பரம் உண்டு", "ஆப்புக்குள் வாங்கும் வசதி உண்டு" என்ற பொருளில் இரண்டு வரிகள் வரும். பெகி 2020இலிருந்து, உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் இருந்தால் அதையும் தனியாகக் குறிப்பிட வைத்திருக்கிறது. பிற பயனர்களோடு பேசும் வசதி இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தால், எட்டு வயதுக்குக் கீழே அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அரை மணி நேரச் சோதனை

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். பிள்ளை தூங்கியபிறகு, அதற்கெனத் தொடங்கிய கணக்கிலேயே நுழைந்து, அரை மணி நேரம் நீங்களே விளையாடுங்கள். யூடியூபில் யாரோ விளையாடுவதைப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அவர்கள் நன்றாக விளையாடுகிறார்கள், உங்கள் பிள்ளை மோசமாக விளையாடும். எங்கே சிக்கும் என்பது மோசமாக விளையாடினால்தான் தெரியும்.

1. வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள். இன்ஸ்டால் செய்தபின் இணையம் இல்லாமல் ஓடுகிறதா? ஓடினால் விளம்பரம், அந்நியர் பேச்சு, திடீர் விற்பனை மூன்றிலிருந்தும் பெரும்பாலும் தப்பித்தீர்கள். இணையம் இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டாம்.

2. மறுபடி வைஃபையைப் போட்டுத் திறங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், மைக், கேமரா. படம் வரையும் விளையாட்டுக்கு மைக் எதற்கு? மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் விளையாட விடவில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

3. எழுத்துப் படிக்கத் தெரியாதவராக நடியுங்கள். திரையில் வரும் பட்டன்களைப் படிக்காமல், பெரியதாக, பளபளப்பாக இருப்பதை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். சின்னப் பிள்ளை அப்படித்தான் விளையாடும். எத்தனை அழுத்தலில் கடைப் பக்கம் வருகிறது? எத்தனை அழுத்தலில் விளையாட்டைவிட்டு வெளியே, வேறொரு ஆப்பின் பக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள்?

4. வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள். நல்ல விளையாட்டில், "மறுபடி பார்ப்போமா?" என்று அதே இடத்தில் விடுவார்கள். மோசமானதில் ஒரு பொம்மை உட்கார்ந்து அழும், "விளம்பரம் பார்த்தால் இன்னொரு உயிர்" என்று பேரம் பேசும்.

5. விளையாட்டின் நடுவில் வெளியேறப் பாருங்கள். இங்கேதான் குட்டு உடையும். செல்லப் பிராணி வளர்க்கும் ஒரு வகை இலவச விளையாட்டு இருக்கிறது. எக்ஸ் குறியை அழுத்தினால் பூனைக்குட்டி காதை மடக்கிக்கொண்டு கண்ணில் நீரோடு நிற்கும். மேலே பச்சையில் பெரிய பட்டன்: "இருக்கிறேன்". கீழே சாம்பல் நிறத்தில், தேடினால் மட்டும் தெரியும் அளவில்: "போகிறேன்". நாலு வயதுப் பிள்ளை எதை அழுத்தும்? அழுத்தியபின் அம்மா வந்து கணினியை மூடினால், பூனையை அழவைத்தது அம்மாதான். இப்படிப்பட்ட விளையாட்டைச் சோதனையில் அப்போதே கழித்துவிடுங்கள். மற்ற கேள்விகளுக்குப் போகவே வேண்டாம்.

6. முடிவு எங்கே என்று தேடுங்கள். கதை முடிகிறதா, கட்டம் முடிகிறதா, படம் வரைந்து முடிகிறதா? "நாளைக்கு வந்தால் பரிசு", "தொடர்ந்து ஏழு நாள் வந்தால் பெரிய பரிசு" என்று வருகைப் பதிவேடு வைத்திருந்தால், அது உங்கள் வீட்டு நேர அட்டவணையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது.

7. மின்னல் வெட்டுகிறதா என்று பாருங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. அன்று இரவு 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், வலிப்பு, மயக்கம், தலைசுற்றலோடு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை முழுவதும் பளிச்சிடும் காட்சி வந்தால் ஒதுக்குங்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்டபிறகே விளையாட விடுங்கள்.

குறிப்பு: ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கும் விளையாட்டை, 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அரை மணி நேரச் சோதனைக்கு அது தாராளம். பிள்ளை பார்ப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள். பார்த்தபின் திருப்பிக் கொடுப்பது வேறு கதை.

எந்த வயதுக்கு எது

கீழே உள்ளவை என் தேர்வு. பெயர்கள் காலத்தோடு மாறும். மேலே உள்ள சோதனை மாறாது.

*மூன்று, நாலு வயது*

இந்த வயதில் கணினி விளையாட்டு என்பது மவுஸோடு சிநேகம் பிடிப்பதுதான். இரண்டு மென்பொருள்கள் போதும், இரண்டும் இலவசம், இரண்டிலும் விளம்பரம் கிடையாது.

முதலாவது டக்ஸ் பெயின்ட். 2002இலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் வரைபலகை. இடப்பக்கம் தூரிகை, கீழே நிறம், மேஜிக் பகுதியில் வானவில்லும் புல்லும். புல்லைத் தேர்ந்தெடுத்து இழுத்தால் திரையில் புல் முளைத்துக்கொண்டே போகும். திரையின் கீழ்ப்பகுதியில் இழுத்தால் பெரிய புல், மேலே போகப் போகச் சின்னப் புல். இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை அரை மணி நேரம் வேறெதையும் தொடாது. சேமிக்கும்போது கோப்பின் பெயரெல்லாம் கேட்காது. பழைய படங்கள் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் நிற்கும், தொட்டால் திறக்கும். படிக்கத் தெரியாத பிள்ளைக்காக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது இங்கே தெரிகிறது.

அமைக்கும் முறை:

1. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் "இலவச டவுன்லோடு" தளங்கள் கூடவே வேறு எதையாவது ஒட்டிவிடும்.
2. ஸ்டாம்ப் தொகுப்பு தனியாக இருக்கும், அதையும் சேருங்கள். விலங்கு, பழம், வண்டிப் படங்கள் அதில்தான்.
3. டக்ஸ் பெயின்ட் கான்ஃபிக் என்ற தனி நிரலைத் திறந்து மொழியைத் தமிழாக்குங்கள், முழுத்திரையாக்குங்கள், பிரிண்ட் எடுக்கும் வசதியை அணையுங்கள். மூன்றாவதை மறந்தால் பிரிண்டர் இங்க் ஒரே மாலையில் காலியாகும்.

இரண்டாவது ஜிகாம்ப்ரி. பிரான்சில் 2000இல் தொடங்கியது, இரண்டு முதல் பத்து வயதுவரை பயன்படும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுகளின் தொகுப்பு. அத்தனையையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். செட்டிங்ஸில் கடினத்தை நட்சத்திரக் கணக்கில் குறைக்கலாம். முதல் மாதம் ஒரு நட்சத்திரம் போதும். மவுஸை நகர்த்தினால் கட்டங்கள் அழிந்து பின்னால் விலங்கின் படம் தெரியும் ஒரு விளையாட்டு உண்டு, அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு நீந்தும் மீனைக் கிளிக் செய்வது. நீர்ச் சுழற்சி, நீர்மூழ்கிக் கப்பல், சதுரங்கம் எல்லாம் அதே தொகுப்பில் பெரிய வயதுக்குக் காத்திருக்கும். ஒரே மென்பொருள் ஐந்தாறு வருஷம் கூட வரும்.

*ஐந்து, ஆறு வயது*

டேப்லெட் இருந்தால் ஸ்கிராட்ச் ஜூனியர். 2014இல் வந்தது, ஐந்து முதல் ஏழு வயதுக்கானது, இலவசம். கட்டளைகள் எழுத்தாக இல்லாமல் அம்புக்குறிப் படங்களாக இருப்பதால், ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் பூனையை நடக்க வைக்கும், குதிக்க வைக்கும். தன் குரலைப் பதிந்து பூனையைத் தமிழில் பேச வைப்பதுதான் எங்கும் முதலில் நடக்கும்.

கதை விளையாட்டு வேண்டுமென்றால், 1992இல் தொடங்கிய ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட்டின் பழைய விளையாட்டுகள் இப்போதும் ஸ்டீமில் விலைக்குக் கிடைக்கின்றன. புட்-புட் என்ற ஊதா நிறக் கார், ஃப்ரெடி ஃபிஷ் என்ற மஞ்சள் மீன். இவற்றில் யாரும் சாவதில்லை, மணி ஓடுவதில்லை. திரையில் எதைத் தொட்டாலும் ஏதாவது வேடிக்கை நடக்கும். கதை முடியும், பெயர்ப் பட்டியல் ஓடும், அவ்வளவுதான். உரையாடல் ஆங்கிலத்தில் இருப்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். எனக்கு அது குறையாகவே படவில்லை.

*ஏழு, எட்டு வயது*

பேச்சே இல்லாத விளையாட்டுகளை நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. செக் நாட்டு அமானிதா டிசைன் குழுவின் மெஷினேரியம் (2009), பொட்டானிகுலா (2012) இரண்டிலும் ஒரு வாக்கியம்கூடப் படிக்கவோ கேட்கவோ தேவையில்லை. பாத்திரங்கள் மனத்தில் நினைப்பது படமாகத் தலைக்கு மேல் குமிழியில் ஓடும். ஆங்கில வழியோ தமிழ் வழியோ, எந்தப் பிள்ளையும் சமமாக விளையாடலாம். ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கிளையை ஆட்டிப் பாருடா" என்று சொல்லலாம். மெஷினேரியத்தின் சில புதிர்கள் பெரியவர்களையே திணற வைக்கும், பொட்டானிகுலாவின் கறுப்புச் சிலந்தி கொஞ்சம் பயமுறுத்தும். ஆகவே தனியே விடாதீர்கள்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் சூப்பர்டக்ஸ்கார்ட். இலவசக் கார்ப் பந்தயம். திரையை இரண்டாகப் பிரித்து ஒரே கணினியில் இருவர் ஓட்டலாம். யார் எந்தப் பக்கம் என்ற சண்டைக்குத் தீர்வு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் இடம் மாறுவது.

மைன்கிராஃப்ட் கேட்டு வருவார்கள். கொடுக்கலாம், மூன்று நிபந்தனையோடு: "கிரியேட்டிவ்" முறை, "பீஸ்ஃபுல்" கடினம், தன் கணினியில் தனக்கு மட்டுமான உலகம். அப்படி வைத்தால் இரவில் ஜோம்பி வராது, வீடு கட்டலாம், ஏரி வெட்டலாம். இணையத்தில் பிறரோடு சேரும் சர்வர்கள் இந்த வயதுக்கு வேண்டாம். பரணிலிருந்து எடுத்த பழைய மடிக்கணினியில் இது திணறும் என்பதையும் வாங்குமுன் யோசியுங்கள்.

ரோப்லாக்ஸ் வேறு. அது ஒரே விளையாட்டு அன்று, யார் யாரோ செய்து ஏற்றிய எண்ணற்ற விளையாட்டுகளின் சந்தை. அரை மணி நேரச் சோதனையை அங்கே செய்யவே முடியாது. நீங்கள் சோதித்தது ஒன்று, நாளை பிள்ளை திறப்பது இன்னொன்று. ஈ.எஸ்.ஆர்.பி. அதற்கு "டி" கொடுத்திருக்கிறது. எட்டு வயதுவரை இல்லை என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் விளையாடுகிறானே என்பதற்கும் அதே பதில்தான்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

"கல்வி" என்ற சொல்லை நம்புவது. பெயரில் ஏபிசி இருப்பதாலேயே ஒரு விளையாட்டு நல்லதாகிவிடாது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பயன்படுத்தும் 135 ஆப்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டபோது, அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. எல்லாமே குப்பை என்று இதற்குப் பொருளில்லை. கான் அகாடமி கிட்ஸ் போல விளம்பரமோ சந்தாவோ இல்லாதவையும் உண்டு. ஆனால் அவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

யு.பி.ஐ. உள்ள போனைக் கொடுப்பது. கணினிக்கு இத்தனை பூட்டுப் போட்டுவிட்டு, பந்தியில் காத்திருக்கும்போது அப்பாவின் போனைக் கையில் கொடுத்தால் எல்லாம் வீண். கைரேகைப் பூட்டையும் முழுதாக நம்ப வேண்டாம். தூங்கும் அப்பாவின் விரலை எடுத்து வைக்கும் சாமர்த்தியம் ஆறு வயதிலேயே வந்துவிடுகிறது.

பென் டிரைவில் வரும் "கிராக்" விளையாட்டு. சித்தப்பா அன்போடுதான் கொண்டுவருவார். கூடவே வைரஸும் வரும், வயதுக் குறி வராது.

அண்ணனின் விளையாட்டு. எட்டாம் வகுப்பு அண்ணன் துப்பாக்கி விளையாட்டை விளையாட, நாலு வயதுத் தம்பி தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் விளையாடவில்லை, சரி. பார்ப்பதும் அதே காட்சிகளைத்தான். அண்ணனுக்கு அவன் தூங்கியபின் நேரம் ஒதுக்குங்கள்.

சோறு ஊட்டும்போது விளையாட்டு வைப்பது. வேண்டாம். வாயில் போவது என்னவென்றே தெரியாமல் சாப்பிடும் பழக்கம் அதில்தான் தொடங்குகிறது.

நிறுத்துவது எப்படி

பெரும்பாலான அழுகை விளையாட்டால் வருவதில்லை, நிறுத்தும் விதத்தால் வருகிறது. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் நாலு வயதுக்கு ஒன்றும் புரியாது. அஞ்சு நிமிஷம் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. விளையாட்டின் கணக்கிலேயே பேசுங்கள்.

1. நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே பக்கத்தில் போய் உட்காருங்கள். சமையலறையிலிருந்து கத்துவது கணக்கில் சேராது.
2. என்ன நடக்கிறது என்று கேளுங்கள். "இது எந்த மீன்டா தங்கம்?" "பெரிய மீன்ம்மா, இது மட்டும் ஓடிட்டே இருக்கு."
3. முடிவை மீனோடு கட்டுங்கள். "சரி, அதைப் புடிச்சதும் மூடிடலாமா?"
4. பிடித்ததும் மூடும் பட்டனைப் பிள்ளையே அழுத்தட்டும்.
5. அடுத்து என்ன என்பது தயாராக இருக்கட்டும். மூடியவுடன் வெறும் சுவரைப் பார்க்கச் சொன்னால் மறுபடி கணினிக்குத்தான் ஓடும். வெளியே வெளிச்சம் இருந்தால் தெருவுக்கு அனுப்புங்கள். கிட்டப்பார்வை வராமல் காக்க, பகல் வெளிச்சத்தில் விளையாடுவது உதவும்.

கண்ணுக்கு: திரை குறைந்தது ஒரு கை நீளம் தள்ளி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தில் ஏதாவது பார்க்கச் சொல்லுங்கள், காக்காயோ தண்ணீர்த் தொட்டியோ. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கணினி அணைய வேண்டும்.

காசு போய்விட்டால்

எல்லாப் பூட்டும் போட்டபிறகும் நடக்கலாம். வங்கிக் குறுஞ்செய்தி வந்ததும் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

1. பிள்ளையை அடிக்காதீர்கள். அது அழுத்தியது ஒரு வைரக்கல் படத்தை. அதற்குப் பின்னால் உங்கள் சம்பளம் இருந்தது அதற்குத் தெரியாது. அடித்தால் அடுத்த முறை நடப்பதை மறைக்கும். எதை அழுத்தியது என்று அமைதியாகக் காட்டச் சொல்லி, திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

2. பிளே ஸ்டோரில் வாங்கியது என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நேரம் கடந்தால் விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்கு எழுத வேண்டிவரும்.

3. சந்தாவாக இருந்தால், விளையாட்டை நீக்குவதால் சந்தா நீங்காது. பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பிறகு உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அங்கே அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயும் ரத்து செய்யுங்கள்.

4. பிள்ளையின் விளையாட்டில் காசு வைத்து ஆடும் ரம்மி, பந்தய விளம்பரம் வந்திருந்தால் அந்த விளையாட்டையே நீக்குங்கள். 2025இல் இயற்றப்பட்ட இணையவழி விளையாட்டுச் சட்டம் பண விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் தடைசெய்கிறது. அப்படியும் அதைக் காட்டும் விளையாட்டு வேறு எதையும் காட்டும்.

5. போனது கடைக்கு வெளியே, ஏதோ ஒரு லிங்க் வழியாகவோ ஓ.டி.பி. சொல்லியோ என்றால் இது விளையாட்டுக் கணக்கில் வராது, மோசடி. உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

6. அன்றைக்கே பின் எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். புதியதில் பிள்ளையின் பிறந்த தேதியும் ஸ்கூட்டர் நம்பரும் வேண்டாம். இரண்டும் அதற்கு மனப்பாடம்.